ஆளில்லாத் தீவுக்கும் ஒரு கொடி

பூவே தீவு. பெயரைக் கேட்டால் ஏதோ சினிமாப் பாட்டு மாதிரி இருக்கும். ஆனால் உலகத்திலேயே ஒதுக்குப்புறமான தீவு இதுதான். தெற்கு அட்லாண்டிக் கடலில் 49 சதுர கிலோமீட்டர், அதில் பத்தில் ஒன்பது பங்கு பனி. பக்கத்து நிலம் என்று சொல்லவேண்டுமானால் சுமார் 1,700 கிலோமீட்டர் தள்ளி அண்டார்டிகா. பூவே என்ற பிரெஞ்சு மாலுமி 1739 ஜனவரி 1 அன்று இதைப் பார்த்தார். 1927ல் நார்வே உரிமை கொண்டாடியது. ஒரு மனுஷன் குடியில்லை. ரேஷன் கடை இல்லை, வாக்காளர் பட்டியல் இல்லை, டீக்கடைகூட இல்லை. ஆனால் உங்கள் கைபேசியில் அதற்கு ஒரு கொடி இருக்கிறது!

இந்தக் கொடியைத்தான் இப்போதைய பசங்கள் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறார்கள். நெல்லூர்க்காரப் பையன் பூவே தீவுக் கொடியோடு திரிவான். பாட்னா பெண் துவாலுவின் கொடியை வைத்திருப்பாள். ஏம்மா என்று கேட்டால் "சும்மா சார்" என்று பதில் வரும். சும்மா என்பதற்குத் தமிழில் எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனையும் இதில் அடக்கம்.

எனக்கு இது வெறும் மொக்கையாகத் தோன்றவில்லை. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பாதி, என்னை மாதிரி பேங்க் ஆசாமிகள் தினமும் புழங்குகிற சமாச்சாரம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஜோக் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கொடி என்றாலே பெருமை. நெஞ்சை நிமிர்த்தி, சல்யூட் வைத்து, "நான் இந்த மண்ணின் மைந்தன்" என்று சொல்வதற்கான சாமான். அந்தச் சாமானை எடுத்து, எந்த ஒட்டும் உறவும் இல்லாத இடத்துக்குப் பயன்படுத்தினால் பெருமை புஸ்ஸென்று இறங்கிவிடுகிறது. இதில் மூன்று வகை பார்த்திருக்கிறேன்.

ஒன்று, வேண்டுமென்றே தப்புக் கொடி. ஆகஸ்ட் 15 அன்று இந்தியக் கொடிக்குப் பதில் நைஜர் கொடியைப் போடுவது. அதுவும் ஆரஞ்சு, வெள்ளை, பச்சை. நடுவில் சக்கரத்துக்குப் பதில் ஆரஞ்சு வட்டம். நம்முடையது 1947 ஜூலை 22ல் ஏற்கப்பட்டது, அவர்களுடையது 1959 நவம்பர் 23ல். அவசரத்தில் தவறாகப் போடும் பெரிசுகளைக் கிண்டல் செய்யத்தான் பசங்கள் தெரிந்தே போடுகிறார்கள். அயர்லாந்துக்கு ஐவரி கோஸ்ட், இந்தோனேசியாவுக்கு மொனாக்கோ, ருமேனியாவுக்குச் சாட், இதெல்லாம் இதே கேஸ்தான். இதில் சாட்-ருமேனியா சண்டை நிஜமாகவே நடந்தது. சாட் நாடு 1959ல் நீலம், மஞ்சள், சிவப்பு என்று வைத்துக்கொண்டது. ருமேனியா கொடியின் நடுவே கம்யூனிஸ்ட் சின்னம் இருந்ததால் அப்போது குழப்பமில்லை. 1989 புரட்சியில் அந்தச் சின்னத்தை வெட்டி எறிந்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. சாட் 2004ல் விவகாரத்தை ஐ.நா. வரைக்கும் கொண்டுபோனது. ருமேனியா மசியவில்லை.

இரண்டாவது வகை, பூவே மாதிரி ஆளில்லாத இடம். இதில் ஒரு உள்குத்து இருக்கிறது. பூவே தீவுக்கென்று தனிக்கொடி கிடையாது, நார்வே கொடிதான் தெரியும். பார்ப்பவர்கள் நார்வே என்று நினைப்பார்கள். நோண்டிப் பார்க்கிறவனுக்குத்தான் உள்ளே இருப்பது வேறு என்று தெரியும். புரிந்தவன் சிரிப்பான், மற்றவன் கடந்து போவான்.

மூன்றாவது, செய்தியை ஒட்டி வருவது. 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் உலக நாடுகளுக்கெல்லாம் வரி விதித்துப் பட்டியல் போட்டார் இல்லையா, அதில் ஹெர்ட், மெக்டொனால்ட் தீவுகளுக்கு 10 சதவீதம் என்று இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான, எரிமலையும் பெங்குவினும் சீலும் மட்டுமே இருக்கிற இடம். அன்றைக்கு முழுக்க பெங்குவின்களின் ஏற்றுமதி பாதிப்பு பற்றி ஊரே பேசியது :-)

சரி, மேட்டருக்கு வருவோம். ஆளே இல்லாத ஊருக்குக் கொடி கொடுத்தது யார்?

கைபேசிப் பொம்மை எழுத்துகள் ஜப்பான் சரக்கு. 1997ல் ஒரு போனில் 90 படங்கள் வந்தன. 1999ல் டோகோமோ கம்பெனிக்காக ஷிகெடாகா குரிடா வடிவமைத்த 176 படங்கள் பிரபலமாயின. பிறகு ஜப்பானியப் போன்களில் 10 நாட்டுக் கொடிகள் புழக்கத்துக்கு வந்தன: ஜப்பான், கொரியா, சீனா, அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், ரஷ்யா. இந்தியா லிஸ்டில் இல்லை, கவனிக்க.

உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கிற யூனிகோடு அமைப்பு இந்தப் படங்களைச் சேர்க்க முடிவு செய்தபோது இந்த 10 கொடிகள் தொண்டையில் முள்ளாகச் சிக்கின. பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்களை விட்டால் உதை விழும். எல்லாருக்கும் கொடுக்கலாம் என்றால் எது நாடு, எது நாடில்லை என்று பஞ்சாயத்து பண்ணவேண்டும். தைவான் நாடா? பாலஸ்தீனம்? எந்த எஞ்சினியர் இதில் தலையைக் கொடுப்பான்?

அவர்கள் கண்டுபிடித்த வழியை நான் ரசித்தேன். கொடியே வேண்டாம், 26 ஆங்கில எழுத்துகளுக்கு 26 விசேஷக் குறிகளை மட்டும் தருகிறோம் என்றார்கள். 2010 அக்டோபரில் வந்த யூனிகோடு 6.0ல் இவை இடம்பெற்றன. "ஐ"யும் "என்"னும் அடுத்தடுத்து வந்தால் போன் கம்பெனி இந்தியக் கொடியைக் காட்டிக்கொள்ளட்டும். "பி"யும் "வி"யும் வந்தால் பூவே. விண்டோஸ் கணினியில் பார்த்தால் இன்றைக்கும் பெரும்பாலும் கொடி தெரியாது, இரண்டு எழுத்துதான் தெரியும். மைக்ரோசாஃப்ட் தன் எழுத்துருவில் நாட்டுக் கொடிகளையே வைக்கவில்லை. புத்திசாலிகள்.

அந்த இரண்டிரண்டு எழுத்து எங்கிருந்து வந்தது? இங்கேதான் பேங்க்காரன் உள்ளே வருகிறான்.

ஐ.எஸ்.ஓ. 3166 என்று ஒரு தரப்பட்டியல். 1974ல் வெளியானது. நாடுகளுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் இரண்டெழுத்துச் சுருக்கம் தருவது அதன் வேலை. எது நாடு என்று ஐ.எஸ்.ஓ. முடிவு செய்வதில்லை, பெயர்களை ஐ.நா.விடமிருந்து வாங்கிக்கொள்கிறது. வெளிநாட்டிலிருந்து பணம் வரவேண்டுமென்று கிளைக்கு வந்து சுவிஃப்ட் கோடு கேட்டிருப்பீர்களே, 8 அல்லது 11 எழுத்து, அதில் ஐந்தாவதும் ஆறாவதும் இந்தப் பட்டியலின் எழுத்துகள்தான். இந்திய வங்கி என்றால் அங்கே "ஐ.என்." இருக்கும். சுவிஃப்ட் என்பது 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் சேர்ந்து 1973ல் பிரஸ்ஸல்ஸில் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கம். அப்புறம் 1978ல் வந்த நாணயப் பட்டியல், ஐ.எஸ்.ஓ. 4217. ஐ.என்.ஆர். என்பதில் முதல் இரண்டெழுத்து நாடு, மூன்றாவது ரூபாய். யு.எஸ்.டி.யும் அப்படியே.

வேடிக்கை என்னவென்றால், இந்த நாணயப் பட்டியலில் பூவே தீவுக்கும் ஒரு வரி உண்டு. நாணயம்: நார்வே குரோனர். ஹெர்ட் தீவுக்கு ஆஸ்திரேலிய டாலர். வாங்க ஆளில்லை, விற்க ஆளில்லை, சட்டப்படி செல்லும் பணம் மட்டும் இருக்கிறது! வெளிநாட்டுப் பணம் அனுப்பும் திரையில் நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுக்கக் கீழே இழுத்தால் போட்ஸ்வானாவுக்கும் பிரேசிலுக்கும் நடுவில் பூவே நிற்பதை நிறையப் பேர் பார்த்திருப்போம். என் இத்தனை வருஷ சர்வீஸில் அந்த வரியை யாரும் சொடுக்கி நான் பார்த்ததில்லை.

ஆக, எழுபதுகளில் குமாஸ்தாக்கள் வசதிக்காகப் போட்ட ஒரு பட்டியல். அதை இணைய முகவரிக்கு எடுத்துக்கொண்டார்கள், வங்கிக்கு எடுத்துக்கொண்டார்கள், கடைசியில் கைபேசிக் கொடிக்கும் எடுத்துக்கொண்டார்கள். 26ஐ 26ஆல் பெருக்கினால் 676 ஜோடி. அதில் 250க்கும் மேற்பட்டவை இன்று கொடியாகத் தெரிகின்றன. ஐ.நா. உறுப்பு நாடுகள் 193தான். மிச்சமெல்லாம் தீவுகள், திட்டுகள், யார் யாருக்கோ சொந்தமான பகுதிகள். அந்த மிச்சம்தான் பசங்களின் விளையாட்டு மைதானம்.

கொடியோடு இப்படி விளையாடுவது இந்தத் தலைமுறை கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெரியவர்கள் இதைவிடப் பெரிதாக, அதுவும் காசுக்காக விளையாடியிருக்கிறார்கள். ஏற்றுமதி பில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கப்பலின் முதலாளி கிரேக்கத்தில் இருப்பார், மாலுமிகள் பிலிப்பைன்ஸ், நம்ம தூத்துக்குடிப் பக்கம் எல்லாம் சேர்ந்தவர்கள், சரக்கு சீனாவுடையது, கப்பலில் பறப்பது லைபீரியாக் கொடி. லைபீரியா 1948ல் கப்பல் பதிவை ஆரம்பித்தது. வரி குறைவு, கெடுபிடி குறைவு. பனாமா, மார்ஷல் தீவுகளும் இதே தொழிலில் இருக்கின்றன. இதில் உச்சம் மங்கோலியா. நாலு பக்கமும் நிலம், கடல் என்பதே கிடையாது. 2003ல் சிங்கப்பூரில் அலுவலகம் திறந்து கப்பல்களுக்குத் தன் கொடியைக் கொடுக்க ஆரம்பித்தது. பூவே தீவுக் கொடி போடும் பையனைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

அதே லைபீரியாக் கொடியை அமெரிக்கக் கொடிக்குப் பதிலாகப் போட்டுக் கலாய்ப்பதும் பசங்களின் பழக்கம். கோடுகள் உண்டு, மூலையில் நீலம் உண்டு, நட்சத்திரம் மட்டும் ஒன்றே ஒன்று. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. அமெரிக்காவில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களை ஆப்பிரிக்கக் கரையில் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். அவர்கள் உருவாக்கிய குடியரசு 1847ல் விடுதலை அறிவித்து, அந்தக் கொடியை ஏற்றுக்கொண்டது. எந்த நாடு தங்களைச் சமமாக நடத்தவில்லையோ அந்த நாட்டுக் கொடியின் சாயலிலேயே அவர்கள் தங்கள் கொடியைத் தைத்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு சிரிப்பு கொஞ்சம் கம்மியாகிறது.

நிற்க. நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான்.

அந்தத் திரையில் பிரேசிலுக்கு அடுத்து இன்னொரு பெயர் வரும்: பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி. சுருக்கம் "ஐ.ஓ.". பசங்களுக்கு ரொம்பப் பிடித்த கொடி. மூலையில் பிரிட்டன் கொடி, வெள்ளையும் நீலமுமாக அலை அலையாய்க் கோடுகள், நடுவில் ஒரு பனைமரம், ஒரு கிரீடம். பார்த்தால் யாரோ கார்ட்டூனுக்காக வரைந்த மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் கம்பெனிகள் பல தங்கள் இணைய முகவரிக்கு வாலாக இந்த "ஐ.ஓ."வைத்தான் வைத்திருக்கின்றன. "இப்படி ஒரு இடமே கிடையாது, சும்மா கொடி" என்று நினைக்கிறவர்கள் அதிகம்.

இடம் இருக்கிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டரில், சாகோஸ் தீவுக்கூட்டம். ஆளும் இருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வம்சமும் அதில் கலந்திருக்கிறது. தென்னந்தோப்பு, கொப்பரை, மீன், சர்ச், நாய்க்குட்டி என்று பிழைப்பு நடந்துகொண்டிருந்தது.

1965 நவம்பர் 8 அன்று பிரிட்டன் இந்தத் தீவுகளை மொரீஷியஸிலிருந்து பிரித்து, தனி ஆட்சிப்பகுதி என்று அறிவித்தது. மொரீஷியஸுக்குக் கொடுத்தது 30 லட்சம் பவுண்டு. 1966ல் அமெரிக்காவோடு ராணுவத் தள ஒப்பந்தம். அதற்கு ஈடாகப் போலாரிஸ் ஏவுகணை பேரத்தில் பிரிட்டனுக்கு 1.4 கோடி டாலர் கழிவு கிடைத்தது. அந்தத் தள்ளுபடி ரகசியமாகவே வைக்கப்பட்டது. கணக்குப் புத்தகம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு சுத்தமாக மனிதர்களைச் செலவுக் கணக்கில் எழுதியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தளத்துக்கு ஆளில்லாத தீவு வேண்டும். ஆள் இருந்தால்? இல்லாமல் செய்துவிட்டார்கள். 1968லிருந்து, மருத்துவத்துக்கும் உறவினரைப் பார்க்கவும் மொரீஷியஸ் போனவர்களைத் திரும்பக் கப்பலேற விடவில்லை. 1971ல் டியேகோ கார்சியா தீவைக் காலி செய்தார்கள். வளர்த்த நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். 1973க்குள் மற்ற தீவுகளும் காலி. சுமார் 1,500லிருந்து 2,000 பேர் மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் நடுத்தெருவில் நின்றார்கள். அங்கே நிரந்தரக் குடிகள் யாரும் இல்லை, எல்லாம் ஒப்பந்தக் கூலிகள் என்று வெளியில் சொல்லப்பட்டது.

1966ல் லண்டன் அதிகாரிகள் எழுதிய ஒரு கோப்புக் குறிப்பு பின்னாளில் வெளியே வந்தது. தீவில் பறவைகளோடு கூடவே டார்ஸான் மாதிரிச் சில ஆட்களும் இருக்கிறார்கள் என்று கேலியாக அதில் எழுதியிருந்தார்கள். படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. யாருக்கும் தெரியாத இடம், பெயரே சிரிப்பாக இருக்கிறது, நாலு பேர் கேட்டால் சிரிப்பார்கள். பசங்கள் இன்று போடும் ஜோக்கின் அதே அமைப்புதான். ஒரே வித்தியாசம், அதைப் போட்டவர்கள் கையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருந்தது.

கொடி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பனைமரக் கொடி 1990ல் வந்தது. ஆட்சிப்பகுதி அமைந்து 25 வருஷம் ஆனதற்கு வெள்ளிவிழாப் பரிசு! அதன் கீழே ஒரு தீவுவாசிகூட வாழ்ந்ததில்லை. கைபேசியில் அந்தக் கொடி ஒன்றல்ல, இரண்டு தடவை இருக்கிறது. "ஐ.ஓ."வுக்கு ஒன்று, டியேகோ கார்சியாவுக்கான "டி.ஜி."க்கு இன்னொன்று. துரத்தப்பட்ட சாகோஸ் மக்கள் தங்களுக்கென்று ஒரு கொடி வைத்திருக்கிறார்கள். ஆரஞ்சு, கறுப்பு, நீலம். அதைக் கைபேசியில் தேடினால் கிடைக்காது. பட்டியலில் அவர்களுக்கு இரண்டெழுத்து இல்லையே!

இனிமேல் கிடைக்க வாய்ப்பும் குறைவு. 2022ல் யூனிகோடு அமைப்பு இனி புதிய கொடிகளுக்கு விண்ணப்பமே வாங்குவதில்லை என்று அறிவித்துவிட்டது. எண்ணிக்கையில் மிக அதிகமும் புழக்கத்தில் மிகக் குறைவும் கொடிகள்தான் என்று காரணம் சொன்னார்கள். ஐ.எஸ்.ஓ. கோடு கிடைத்தால் மட்டும் கதவு தானாகத் திறக்கும். 500 சொச்சம் பேர் வாழும் சார்க் என்ற ஆங்கிலக் கால்வாய்த் தீவுக்கு அப்படித்தான் 2024ல் கொடி வந்தது. கொசோவோ இன்னொரு விதம். ஐ.எஸ்.ஓ. பட்டியலில் அது இல்லை. ஆனால் உபயோகிப்பவர்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ள விட்டிருந்த "எக்ஸ்.கே." என்ற எழுத்தை ஐரோப்பிய அமைப்புகளும் வங்கிகளும் கொசோவோவுக்குப் பயன்படுத்த ஆரம்பித்தன. பிறகு கொடியும் வந்தது. அரசாங்கமோ, நிர்வாகமோ, வங்கிக் கணக்கோ இருந்தால் கொடி உண்டு. வெறும் மக்கள் மட்டும் இருந்தால் கிடையாது.

சாகோஸ் கதை முடியவில்லை. 2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம், தீவுகளைப் பிரித்தது சட்டப்படி சரியில்லை, பிரிட்டன் விரைவில் வெளியேற வேண்டும் என்று கருத்துரைத்தது. அதே மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் ஆதரித்து வாக்களித்தன, எதிர்த்தவை 6. இந்தியா ஆதரித்தது. 2021ல் உலக அஞ்சல் ஒன்றியம் "ஐ.ஓ." தபால் தலைகள் செல்லாது என்றது. சின்ன வயதில் ஸ்டாம்ப் ஆல்பம் வைத்திருந்தவர்களுக்கு அதன் கனம் புரியும். 2025 மே 22 அன்று தீவுகளின் இறைமையை மொரீஷியஸுக்குத் தரும் ஒப்பந்தம் கையெழுத்தானது. டியேகோ கார்சியா தளத்தை மட்டும் 99 வருஷ குத்தகைக்கு வைத்துக்கொள்வது அதில் ஒரு ஷரத்து. எங்களைக் கேட்காமலே மறுபடி பேரம் முடித்துவிட்டார்கள் என்று சாகோஸ் மக்களில் ஒரு பகுதியினர் அப்போது கொதித்தார்கள்.

நம்மவர்களுக்கும் அந்தக் கொடிக்கும் நேரடி சம்பந்தம் உண்டு. 2021 அக்டோபரில், கனடா போக நினைத்து நடுக்கடலில் தத்தளித்த ஒரு படகு டியேகோ கார்சியாவில் கரைசேர்ந்தது. அதில் 89 இலங்கைத் தமிழர்கள், குழந்தைகளும் உட்பட. வேலி போட்ட கூடார முகாமில் பலர் மூன்று வருஷம் கிடந்தார்கள். 2024 டிசம்பரில் பெரும்பாலானோரை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அதே மாதம் அந்த ஆட்சிப்பகுதியின் நீதிமன்றமே, அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. "இப்படி ஒரு இடமே கிடையாது" என்று பசங்கள் சொல்கிற இடத்தில், தமிழில் அழுத குழந்தைகள் இருந்திருக்கிறார்கள்.

இதனால் ஜோக் அடிக்காதே என்று உபதேசம் செய்ய வரவில்லை. தேசபக்தியை மெகாபோனில் கத்துகிற காலத்தில், பூவே தீவுக் கொடியைப் போட்டுக்கொண்டு சிரிக்கிற பிள்ளைகள் எனக்குப் பிடித்தவர்கள்தான். பெங்குவின்கள் கோபித்துக்கொள்ளாது. கடனுக்கு விண்ணப்பம் வந்தால் முதலில் அந்த விலாசத்தில் ஆள் இருக்கிறாரா என்று போய்ப் பார்ப்போம். அதையே இங்கேயும் செய்யலாம். ஆள் இல்லாத தீவா, தாராளமாகச் சிரியுங்கள். ஆள் இல்லாமல் செய்யப்பட்ட தீவா, அந்தக் கொடியைப் போடுமுன் இரண்டு நிமிஷம் படித்துவிடுங்கள்.

ஆரஞ்சு, கறுப்பு, நீலம். வண்ணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் இல்லாததால் மனசில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.